கடைசி நிறுத்தத்தின் குரல்

நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் காலையில் ஒரு கால்பந்து வீரன் பேசுகிறான். ஆள் இருக்க மாட்டான், ஸ்பீக்கரில் குரல் மட்டும் வரும். "அடுத்த நிறுத்தம் நகராட்சி மருத்துவமனை. பஸ் நின்ற பிறகு எழுந்திருங்கள்" என்று அவன் சொல்கிற உற்சாகத்தில், ஊசி போடப் போகிறவர்களுக்குப் பாதி நோய் பஸ்ஸிலேயே குறைந்துவிடும். ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு வந்த புதிதில், யாரோ பஸ் கம்பெனி ஊழியரின் குரல் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ரொட்டிக் கடைக் கண்ணாடியில், முடிவெட்டும் கடையில், வங்கியில் என்று எங்கு திரும்பினாலும் ஒரே முகம் சிரிக்கிறது. பேர் ஷிராசே, எங்கள் ஊர் அணியின் பதினோராம் நம்பர். நம்மூரில் ஒரு முகம் இத்தனை இடத்தில் சிரித்தால் தேர்தல் வருகிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் யார் வீட்டிலோ காதுகுத்து. இங்கே அவன் கோல் போடுகிறான், அவ்வளவுதான்.

அணியின் வீரர்கள் ஆளுக்குச் சில நிறுத்தங்களாகக் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ரயில் நிலையம், மருத்துவமனை, கடைவீதி என்று கூட்டம் ஏறி இறங்கும் இடமெல்லாம் ஷிராசேக்கு. மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், பாலம் என்று பங்கு பிரித்திருந்தார்கள். பஸ் கடைசி நிறுத்தமான மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும்போது உள்ளே நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் மிச்சமிருப்போம். அந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டும், வேறெங்கும் கேட்காத ஒரு தயங்கிய குரல் வரும். "இது கடைசி நிறுத்தம். எதையாவது மறந்து விட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்." அது மியாதா என்கிற இருபத்தேழாம் நம்பரின் குரல். அவருடைய படத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் ஒகாவா-சான். மீன் பதனிடும் ஆலையில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று கானாங்கெளுத்தியைத் தரம் பிரிப்பவர், அறுபதைத் தாண்டிய அம்மா. அவருடைய அலமாரிக் கதவின் உள்பக்கம் ஷிராசேயின் படம் ஒட்டியிருந்தது, எங்கள் வள்ளத்தில் மாதா படம் ஒட்டியிருப்பதுபோல. "உங்கள் மகனா?" என்று கேட்டேன். கையுறையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு "ஒஷி" என்று ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். தனக்கென்று ஒரே ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் ஆடினாலும் உட்கார்ந்தாலும் அவர் பக்கம் நிற்பது. "உன் ஒஷி யார்?" என்று கேட்டார். வம்பு வேண்டாமே என்று "எல்லோரும்" என்றேன். எல்லாப் பெண்களையும் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மீனுக்குத் திரும்பிவிட்டார்.

மைதானத்துக்கு என்னை முதன்முதலில் கூட்டிப்போனவரும் அவர்தான். வாசலில் கடை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கொக்கி, அதில் அவர் நம்பர் போட்ட சாவி வளையங்கள். பதினொன்றின் கொக்கி காலியாக இருந்தது, இருபத்தேழின் கொக்கியில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே போனால் முதுகு முதுகாகப் பதினொன்று. எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். அதே அணியில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் இருக்கிறான், அவனைவிட அழகன்கூட இருக்கிறான். ஏன் இவன் என்று ஒகாவா-சானிடம் கேட்டேன். "தோற்ற நாளில் கடைசியாக மைதானத்தை விட்டுப் போகிறவன் அவன்தான்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டம் கொண்டாடும் ஆளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த ஆள் நான்.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் எங்கள் ஊர். மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல்தான் மைதானம். உலகத்தில் கோல் போஸ்ட்டில் கட்ட வலைக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். கிழிந்த நண்டு வலையைக் கட்டியிருப்போம், உள்ளே போன பந்தைச் சிக்கெடுக்கவே ஐந்து நிமிஷம் ஆகும். நான் முன்னால் ஆடுவேன். என் கூட்டாளி செல்வம் பின்னால் நிற்பான். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, தலை தூக்கி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து, என் ஓட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து போடுவான். அதை நான் உதைத்து உள்ளே தள்ளுவேன். ஊர் "சேவி! சேவி!" என்று கத்தும். மீன் ஏலத்தில் என் அய்யாவைப் பார்த்தால், "ஒம்ம மகன் நேத்து என்னமா ஆடுனான்யா" என்று சொல்லாமல் யாரும் தாண்ட மாட்டார்கள். செல்வத்தின் பேரை யாரும் கத்திக் கேட்டதில்லை. ஆட்டம் முடிந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது எல்லோருடைய சட்டையையும் செருப்பையும் பொறுக்கிக்கொண்டு அவன் பின்னால் வருவான். அதில் ஏதும் தப்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இங்கே நான் மாட்டிக்கொண்டது ஒரு வரிசையில்தான். துறைமுகத்தில் ஐஸ் கொட்டகைக்கு எதிரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசிகர்களைச் சந்திக்கும் நாள் என்று நடத்தினார்கள். வீரர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், கையெழுத்து வாங்கலாம். ஷிராசேயின் வரிசை ஐஸ் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு படகுத்துறைவரை போனது. ஒரு மேசைக்கு முன்னால் யாருமே இல்லை. எங்கள் ஊரில் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தையெல்லாம் காதில் வாங்கி மன்னிக்க, இரண்டு சாமியார்கள் உட்காருவார்கள். வெளியூரிலிருந்து வந்த சாமியாரிடம் வரிசை தெருவரை நிற்கும், திட்டுகிற எங்கள் பங்குச்சாமியிடம் நாலு பேர். சீக்கிரம் முடித்தால் பந்தாடப் போகலாம் என்று நான் எப்போதும் நாலு பேர் வரிசையில் நிற்கிறவன். அந்தப் பழக்கத்தில், கூட்டமில்லாத மேசைக்கு நேரே நடந்துபோய் நின்றுவிட்டேன். கையெழுத்து கையெழுத்துதானே, யாருடையதாக இருந்தால் என்ன?

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சடாரென்று எழுந்து நின்றார். நெஞ்சில் இருபத்தேழு. பஸ்ஸில் கேட்கும் அதே தயங்கிய குரலில் என் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பேனாவை இரண்டு கையாலும் பிடித்தபடி, "ஏன் என்னிடம் வந்தீர்கள்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "உங்களை எனக்குப் பிடிக்கும்" என்றேன். மியாதா குனிந்தார். நெற்றி மேசையில் இடித்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் குனிந்தார். சுற்றிலும் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இங்கே ஒருவர் வரிசையில் நிற்பது கையெழுத்துக்காக இல்லை, இவர்தான் என் ஆள் என்று ஊரறியச் சொல்வதற்காக என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவரின் ஒஷி மியாதா. ஒகாவா-சான் கண் கலங்க, மியாதாவின் பெயரும் நம்பரும் நெய்த ஒரு துண்டை எனக்குப் பரிசாகத் தந்தார். வாங்கிக்கொண்டவன் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய்த் துண்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மியாதா பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருப்பார், கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினால் உண்டு. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வரிசையாக வந்து எங்கள் பக்கம் பார்த்துக் குனிந்து வணங்குவார்கள். தோற்றால்கூட யாரும் திட்டமாட்டார்கள், கை தட்டுவார்கள். எங்கள் மணலில் தோற்றிருந்தால் வீட்டுக்குச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கைதட்டலின் நடுவில் மியாதாவின் கண் பதினொன்றுகளின் கூட்டத்தில் எதையோ தேடும். என் துண்டைக் கண்டதும் நின்றுவிடும். முப்பத்தைந்தை நெருங்கும் மனுஷர், முழங்காலில் கட்டு. ஒரு பொய்யை நம்பி ஒருவர் அத்தனை தூரத்திலிருந்து தேடுகிறாரே என்று எனக்கு நெஞ்சு உறுத்தும்.

அக்டோபர் மாத ஆட்டம் ஒன்றில்தான் அது நடந்தது. கடைசி நிமிஷங்கள், இரண்டு பக்கமும் கோல் இல்லை. மியாதாவை இறக்கியிருந்தார்கள். மூலையிலிருந்து பந்து வந்தது, கூட்டமாக எழும்பினார்கள், பந்து உள்ளே போய்விட்டது. பலகையில் ஷிராசேயின் பெயர் மின்னியது, ஒலிபெருக்கி அவன் பெயரை இழுத்துச் சொன்னது, ஊரே எழுந்து குதித்தது. ஷிராசே குதிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நடுவரிடம் ஓடினான். தன் நெற்றியைத் தொட்டு இல்லை என்று கையாட்டினான், மியாதாவைக் காட்டினான். பிறகு மியாதாவின் தோளைப் பிடித்து எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்திவிட்டு, அவன் இரண்டடி பின்னால் போய்க் கைதட்டினான். கொஞ்ச நேரத்தில் பலகையில் பெயர் மாறியது. பக்கத்தில் ஒகாவா-சான் அழுதுகொண்டே என் தோளில் அடித்தார். "பார், உன் மியாதா! பார், என் ஷிராசே!" என் கையிலிருந்த துண்டை நான் தூக்கவில்லை. இதே கதை எனக்கு நடந்திருக்கிறது, அதில் நான் வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்குப் பதினெட்டு வயது. கோயில் திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டம், எதிரே பாம்பன் அணி. மூலையிலிருந்து பந்து வந்தபோது நானும் செல்வமும் சேர்ந்து எழும்பினோம். பந்து அவன் தலையில் பட்டுத்தான் உள்ளே போனது. என் தலைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. மைக் பிடித்திருந்த எங்கள் கோயில் உபதேசியார் பழக்கதோஷத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டார், தென்னையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஊருக்கே அதைச் சொல்லிவிட்டது. என்னைத் தோளில் தூக்கினார்கள். தோள்மேல் இருந்து பார்த்தேன், செல்வம் கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறந்த ஆட்டக்காரன் கோப்பை எனக்கு வந்தது. கூட்டத்தில் இருந்த மதுரைக் கல்லூரி விளையாட்டு ஆசிரியர் என் அய்யாவைத் தேடி வந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குச் சீட்டுக் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டே நான் இந்த ஆலை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன். செல்வம் அவன் அய்யாவோடு கடலுக்குப் போனான். ஒரே ஒரு கோலைப் பார்த்து யாரும் சீட்டுத் தருவதில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சின்ன வரிசை, பெரிய வரிசை எதிலும் அந்த கோலை மட்டும் நான் சொன்னதில்லை.

அன்று மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் செல்வத்துக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மதியம், ஞாயிறு என்பதால் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். காதோரம் நரைத்திருந்தது. "என்னலே, இந்நேரத்துல?" என்றான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தத் திருவிழா கோல் உன்னுடையது, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். அவன் சிரித்தான்.

"ஏலே, என் தலையில பட்டது எனக்குத் தெரியாதா?"

"நீ ஏண்டா அப்பவே சொல்லல?"

"உன்னையத் தோள்ல தூக்கிட்டாங்க. நான் போயி, அவன எறக்கிவிடுங்கடா, போட்டது நான்னு சொல்லணுமாக்கும்? நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். அன்னைக்கு வரல. மறுநா வரல. நீ மதுரைக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்ல, எதுக்கு வந்தேன்னு நெனச்ச? உம் பெட்டியத் தூக்கவா?"

அந்தக் காலை எனக்கு அப்படியே கண்முன் வந்தது. என் தகரப் பெட்டியைப் பஸ் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியவன் அவன்தான். கட்டி முடித்துக் கீழே இறங்கி, ஜன்னலோரம் நின்று, "வேற ஒண்ணும் இல்லையேலே?" என்று கேட்டான். சாமானைக் கேட்கிறான் என்று நினைத்து, "எல்லாம் எடுத்துக்கிட்டேன்டா" என்று சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது. பத்தொன்பது வருஷம் கழித்து ஜப்பானில் ஒரு மைதானத்து வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. மன்னிச்சுக்கடா என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னலே ஆகப்போகுது? எனக்குத் தெரிஞ்சதத்தான் எங்கிட்டச் சொல்ற" என்றான். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் போயிருந்தது. "குழாயில உன் பேரச் சொன்னாங்கள்ல? அந்தக் குழாயிலயே சொல்லு. சொல்றதா இருந்தா அங்கன சொல்லு. இல்லன்னா விடு, நாம வேற பேசுவோம்."

திருவிழா தை மாதம். அந்தச் சமயத்தில் ஆலையில் லீவு கிடைக்காது. அதனால் என் குரலைப் பதிவு செய்து போட்டி நடத்தும் பையன்களுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். மூன்று நிமிஷத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவனாகவே தெரிந்தேன். அடித்து அடித்துக் கடைசியில் நாலு வரிதான் மிஞ்சியது. அதைச் சொல்லவே எனக்குப் பல நாள் பிடித்தது.

இதற்கிடையில் டிசம்பர் வந்தது. மியாதாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இந்த ஊரில் நடந்த கடைசி ஆட்டம் முடிந்ததும் அவர் மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தார், என் துண்டுக்கு முன்னால் வந்ததும் கம்பியோரம் நின்றார். இவரிடமாவது காலத்தோடு சொல்லிவிட வேண்டும் என்று, "அன்றைக்கு உங்கள் வரிசை சின்னது. அதனால்தான் வந்தேன்" என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். அது அவர் காதில் எப்படிப் போய் விழுந்ததோ, மறுபடியும் ஆழமாகக் குனிந்து, மிக்க நன்றி என்றார். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் குனிந்தேன். துண்டைக் கம்பிமேல் விரித்துப் பிடித்தேன். இந்தத் தடவை அதைப் பொய்யாகப் பிடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு வாரத்தில் அவர் ஊரை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று ஒகாவா-சானுக்கும் தெரியவில்லை.

ஆனால் பஸ்ஸில் அவர் இன்னும் இருக்கிறார். புது ஆட்டப் பருவம் தொடங்கும்போதுதான் குரல்களை மாற்றுவார்களாம். ஜனவரி முழுக்க, பனி கொட்டும் காலைகளில், ஷிராசே மருத்துவமனையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, ஊரில் இல்லாத அந்த மனுஷர் துறைமுகத்தில் என்னை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியொரு காலையில் செல்வம் அனுப்பிய வீடியோ வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தே பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் அதே மணல், இப்போது வாங்கிக் கட்டிய நைலான் வலை. தென்னையில் அதே மாதிரி ஒரு குழாய். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கரகரவென்று என் குரல் வந்தது. "நான் சேவியர் பேசுறேன். நாங்க கோப்பை ஜெயிச்ச வருஷம் பாம்பன் கூட ஆடுன பைனல்ல, கடைசி கோல் நான் போடல. செல்வம் போட்டான். அன்னைக்கே எனக்குத் தெரியும், சொல்லாம இருந்துட்டேன்." ஊர் என்ன செய்யும் என்று எத்தனை நாள் பயந்திருப்பேன். ஊர் ஒன்றும் செய்யவில்லை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து, "யாருடா இது சேவியரு?" என்று ஒரு இளவட்டம் கேட்பது கேட்டது. "ஜப்பான்ல இருக்காராம்ப்பா" என்று இன்னொருவன் சொன்னான். உபதேசியார் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த கோல் யாருக்கும் ஞாபகமில்லை. என்னையும் ஞாபகமில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சில பெரியவர்கள் மட்டும் திரும்பி, கேமராவைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி, "ஏலே செல்வம்!" என்று கத்தினார்.

படம் ஆடியது, திரும்பியது. திரையில் செல்வத்தின் முகம். தன் உச்சந்தலையை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிக் காட்டினான். வீடியோ அத்தோடு முடிந்தது.

நான் மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். தங்கச்சிமடத்துத் தென்னையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். என் குரலுக்கு மேலாக, பஸ்ஸின் கூரையிலிருந்து, போய்விட்ட மியாதாவின் குரல் வந்தது. "இது கடைசி நிறுத்தம். எதையாவது மறந்து விட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்." பழக்கத்தில் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கையில் இருந்த போனில் என் குரல் இன்னும் முடியவில்லை, அதை அணைக்காமலே பனியில் இறங்கினேன்.